அழுத்தத்தில் மாறும் அணுக்கோலம்

பத்தாம் வகுப்பு மாணவி, அரூர்

முன்னுரை

நம் அரூரை அடுத்த தீர்த்தமலையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். மலைமேலிருந்து விழும் தீர்த்தத்தை எல்லோரும் அறிவர். ஆனால் அப்பகுதிப் பாறைகளில் மாக்னடைட் என்னும் இரும்புத்தாது கலந்திருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. காந்தத்தை அருகே கொண்டு சென்றால் கவரப்படும் தாது அது. அதில் ஆக்ஸிஜனோடு சேர்ந்திருக்கும் அதே இரும்புதான், நம் காலடிக்கு நேர் கீழே, பூமியின் நடுவிலும் பெரும் உருண்டையாக இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.

பெயர் ஒன்றாயினும் இரண்டும் ஒரே விதமான இரும்புதானா? போய்ப் பார்த்து வரலாம் என்றால் வழியில்லை. பூமியின் நடுப்பகுதி இங்கிருந்து 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளைகளுள் ஒன்று ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு அது எட்டிய ஆழம் 12 கிலோமீட்டரும் 262 மீட்டரும்தான். ஒரு மாம்பழத்தின் தோலைக்கூட அந்தத் துளை தாண்டவில்லை என்று சொல்லலாம்.

அப்படியிருக்க, பூமியின் நடுவில் உள்ள இரும்பின் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை விஞ்ஞானிகள் ஒரு மேசையின் மேல் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு உதவியவை இரண்டு வைரக் கற்களும் ஓர் எக்ஸ் கதிரும். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

படிகம் என்பது யாது?

தினமும் காலையில் வாசலில் கோலம் போடும் நமக்குப் படிகத்தை விளக்குவது எளிது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த புள்ளி வரும். உள்ளே இருக்கும் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால் அதற்கு மிக அருகில் நான்கு புள்ளிகள் இருக்கும். இடுக்குப்புள்ளிக் கோலத்திலோ இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்குக் கீழே அடுத்த புள்ளி வரும். அப்போது ஒரு புள்ளிக்கு அண்டை வீட்டார் ஆறு பேர். மாவு அதே மாவுதான். புள்ளி வைத்த முறை மாறியதால் கோலமே மாறிவிடுகிறது.

அணுக்கள் இவ்வாறு ஓர் ஒழுங்கோடு மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடுக்கப்பட்ட பொருளே படிகம் எனப்படும். உப்பு, சர்க்கரை, வைரம், நாம் புழங்கும் இரும்பு ஆகிய யாவும் படிகங்களே. பென்சில் கரியும் வைரமும் ஒரே கார்பன் அணுக்களால் ஆனவை. ஒன்று விரலில் ஒட்டும். மற்றொன்று கண்ணாடியை அறுக்கும். அணுக்கள் அடுக்கப்பட்ட முறையில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம்.

தோழியரே, நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் கெட்டியான உப்புக் கரைசலை ஊற்றி, ஆடாமல் அசையாமல் சில நாட்கள் வையுங்கள். தண்ணீர் வற்றியபின் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் சிறு சிறு கனசதுரங்கள் தெரியும். உள்ளே சோடியமும் குளோரினும் கனசதுரமாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் வெளியே அந்த வடிவம் வந்தது. உப்பில் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின்கள் உள்ளன.

அழுத்தம் தரும் வைரங்கள்

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று நாம் படித்திருக்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை வீதம் நம்மை அழுத்துகிறது. இதுவே ஒரு வளிமண்டல அழுத்தம். சமையலறையில் பிரஷர் குக்கருக்குள் இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் உண்டாகிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 120 டிகிரி அளவில் கொதித்துப் பருப்பு விரைவில் வேகிறது. கடலின் மிக ஆழமான இடத்தில் சுமார் 1,100 வளிமண்டல அழுத்தம் உள்ளது. பூமியின் நடுவிலோ சுமார் 36 லட்சம்!

இவ்வளவு பெரிய அழுத்தத்தை உண்டாக்கப் பெரிய இயந்திரம் வேண்டும் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் விஞ்ஞானிகள் விசையைப் பெருக்குவதை விட்டுவிட்டுப் பரப்பைக் குறைத்தார்கள். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் வியர், லிப்பின்காட், வான் வால்கன்பர்க், பன்டிங் ஆகிய நால்வரும் வைர அழுத்தியை உருவாக்கினர். கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்த வைரங்கள் அவர்களுடைய ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. களவு வழியில் வந்த கற்கள் கல்விக்கு உதவியது நல்ல செய்தியன்றோ!

இக்கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பட்டை தீட்டிய இரண்டு வைரங்களின் கூர்முனைகளைச் சற்றே மழுக்கி, அந்தச் சிறு முகங்களை ஒன்றுக்கொன்று எதிராக வைக்கின்றனர். நடுவே ஓர் உலோகத் தகடு இருக்கும். குக்கருக்குக் கேஸ்கட் எப்படியோ அப்படி இதற்கு அந்தத் தகடு. அதில் ஊசிமுனையளவு துளையிட்டு, ஆராய வேண்டிய பொருளை அத்துளைக்குள் வைப்பார்கள். பிறகு திருகாணிகளை முறுக்கினால் வைரங்கள் நெருங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வைர முகத்தின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் பரப்பு 0.0007 சதுர சென்டிமீட்டர். இதன்மேல் 75 கிலோ நெல் மூட்டைகள் நான்கின் எடைக்குச் சமமான, அதாவது 300 கிலோ எடை விசையைச் செலுத்தினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 லட்சம் கிலோவுக்கு மேல் வருகிறது. நான்கு மூட்டைகளின் பாரத்தில் நான்கு லட்சம் வளிமண்டல அழுத்தம் கிடைத்துவிட்டது!

வைரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் கடினம் மட்டும் காரணமன்று. வைரம் ஒளியையும் எக்ஸ் கதிரையும் தன்னூடே செல்ல விடுகிறது. ஆதலால் அழுத்தும் கருவியே பார்க்கும் சாளரமாகவும் அமைகிறது. உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அறிய, பொருளோடு ஒரு துளி மாணிக்கக் கல்லையும் வைப்பார்கள். லேசர் ஒளி பட்டதும் மாணிக்கம் சிவப்பாக ஒளிரும். அழுத்தம் ஏற ஏற அந்தச் சிவப்பின் அலைநீளம் சிறிது சிறிதாக மாறும். 1972ஆம் ஆண்டு அதே நிறுவனத்தார் கண்டறிந்த இம்முறை இன்றும் பயன்படுகிறது.

அணுக்களைக் காட்டும் கதிர்

அணுக்களின் இடைவெளி கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ எட்டாத அளவு சிறியது. அதை ஆங்ஸ்ட்ராம் என்னும் அலகால் அளப்பர். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம். உப்பில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ் கதிரின் அலைநீளமும் ஏறக்குறைய இதே அளவினது. ஆகவே அணு அடுக்குகளில் பட்ட எக்ஸ் கதிர் குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் வலுத்து வெளிவரும். 1912ஆம் ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் வான் லாவே இதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும் உப்பின் அணு அடுக்கை வெளியிட்டனர். 1915ஆம் ஆண்டு இருவரும் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

பிராக் விதி எளியது. கோணத்தின் சைன் மதிப்பை அறிய, அலைநீளத்தை அடுக்கு இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அலைநீளம் 0.70 ஆங்ஸ்ட்ராம், உப்பின் இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ராம் எனில் சைன் மதிப்பு 0.124. நம் கணக்குப் புத்தகத்து அட்டவணையைப் பார்த்தால் கோணம் ஏறக்குறைய 7.1 டிகிரி. ஒரு லட்சம் வளிமண்டல அளவுக்கு உப்பை அழுத்தினால் இடைவெளி சுமார் 2.60 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கும். இப்போது கோணம் ஏறக்குறைய 7.7 டிகிரி. அதாவது, அணுக்கள் நெருங்கினால் கோணம் விரியும்.

பொடியாக்கிய படிகத்தில் கதிர் பட்டால், எதிரே உள்ள திரையில் வட்ட வட்டமாக வளையங்கள் விழும். அழுத்தம் கூடும்போது வளையங்கள் மெல்ல விரிந்துகொண்டே போகும். திடீரென ஓர் அழுத்தத்தில் பழைய வளையங்கள் மறைந்து புதிய வளையங்கள் தோன்றினால், உள்ளே அணுக்கள் பழைய கோலத்தை அழித்துப் புதுக்கோலம் போட்டுவிட்டன என்று பொருள்.

இத்துறையில் பெண்மணிகளும் பெரும் பணி ஆற்றியுள்ளனர். அயர்லாந்தில் 1903ஆம் ஆண்டு பிறந்த காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார், 1929ஆம் ஆண்டு பென்சீன் வளையம் தட்டையானது என்பதை எக்ஸ் கதிரால் நிலைநாட்டினார். 1945ஆம் ஆண்டு இலண்டன் ராயல் கழகம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது, அவ்விருவருள் அவரும் ஒருவர். வைரங்களையும் ஆராய்ந்த அவர் பெயரால், அறுகோண முறையில் கார்பன் அடுக்கப்பட்ட ஒரு வைர வகை லான்ஸ்டேலைட் என்று அழைக்கப்படுகிறது.

இந்தூரில் ஓர் ஒளி வட்டம்

வைர அழுத்திக்குள் இருக்கும் பொருள் ஒரு மணல் துகளைவிடச் சிறியது. சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயைக் கொண்டு இதை ஆராய்ந்தால் ஒரு படம் கிடைக்க மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில்கூட ஆகும். இக்குறையைப் போக்கியது சின்க்ரோட்ரான் என்னும் இயந்திரம்.

நனைந்த குடையை வேகமாகச் சுழற்றினால் நீர்த்துளிகள் தொடுகோட்டில் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தங்களால் வளைத்தால், வளையும் இடத்தில் தொடுகோட்டுத் திசையில் ஒளி தெறிக்கிறது. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு முடுக்கியில் இவ்வொளியை முதன்முதலில் கண்ணாரக் கண்டனர். எலக்ட்ரான்களின் ஆற்றல் மிகுந்தால் எக்ஸ் கதிரும் வருகிறது. சாதாரணக் குழாயின் கதிரைவிடப் பல லட்சம் மடங்கு பொலிவுடன், ஊசிபோல் மெல்லியதாகவும் அமைகிறது. இதனால் நாட்கணக்கான வேலை சில நிமிடங்களில், ஏன், சில நொடிகளிலேயே முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இத்தகைய இயந்திரங்கள் இரண்டு உள்ளன. இன்டஸ்-1 என்பது 1999ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. இன்டஸ்-2 என்னும் பெரிய வளையத்தில் 2005ஆம் ஆண்டு ஒளி கிடைத்தது. அதன் சுற்றளவு சுமார் 172 மீட்டர். எலக்ட்ரான்கள் முதலில் ஒரு சிறு முடுக்கியிலும், பிறகு ஒரு நடுத்தர வளையத்திலும் வேகம் பெற்று, இறுதியில் இப்பெரிய வளையத்தில் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை அடைகின்றன. வளையத்தைச் சுற்றிலும் பல கதிர்ப்பாதைகள் அமைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று மிகு அழுத்தத்தில் படிகங்களை ஆராய்வதற்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அமைத்தது. நம் தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் வைர அழுத்தி கொண்டு யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சேர்மங்களை ஆராய்ந்துள்ளனர்.

கறுப்பு பொன்னிறமாகிறது

நாம் பார்த்த உப்பையே மேலும் மேலும் அழுத்தினால் என்ன ஆகும்? சுமார் 3 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் அதன் பழைய வளையங்கள் மறைகின்றன. ஆறு அண்டை அணுக்கள் இருந்த இடத்தில் எட்டு வந்துவிடுகின்றன. அழுத்தத்தை நீக்கினால் உப்பு மறுபடியும் பழைய கோலத்துக்கே திரும்பிவிடும்.

இங்கேதான் இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி இருக்கிறது. பூமியின் நடுவிலிருந்து ஒரு துண்டு இரும்பை யாரேனும் வெட்டி எடுத்து வந்தாலும் பயனில்லை. மேலே வந்து அழுத்தம் நீங்கியதும் அது சாதாரண இரும்பாகிவிடும். அழுத்தத்தில் இருக்கும்போதே பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காகவே அழுத்தும் வைரமும் ஊடுருவும் கதிரும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி ஏ. ஜெயராமன். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பணியாற்றிப் பின்பு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1970ஆம் ஆண்டு அவரும் அவருடைய குழுவினரும் சமேரியம் சல்பைடு என்னும் கறுப்புப் படிகத்தை அழுத்தினர். சுமார் 6,500 வளிமண்டல அழுத்தத்தில் அது உலோகமாக மாறியது, நிறமும் பொன்னிறமாயிற்று! இதில் வியப்பு என்னவென்றால், உப்பைப் போன்ற அதன் கோலம் மாறவே இல்லை. இடைவெளி மட்டும் சட்டென்று சுருங்கியது. சமேரியம் அணு தன்னிடம் வைத்திருந்த எலக்ட்ரானை விட்டுக்கொடுத்ததே அந்த மாற்றத்துக்குக் காரணம். வைர அழுத்தியைப் பற்றி 1983ஆம் ஆண்டு அவர் எழுதிய நீண்ட ஆய்வுரை உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது.

நம் வட்டாரத்துக் கனிமம்

அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினைட் என்னும் கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் ஆராய்ந்து குறித்துள்ளனர். வெள்ளி போன்ற சாம்பல் நிறமும் பென்சில் கரி போன்ற வழுவழுப்பும் உடையது அது. மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட படிகம். தாள்களுக்கு இடையே பிடிப்பு குறைவாதலால் எளிதில் வழுக்கும். எனவே இயந்திரங்களுக்கு உயவுப் பொருளாகப் பயன்படுகிறது.

இதே கனிமத்தை வைர அழுத்தியில் இட்டுச் சின்க்ரோட்ரான் கதிரால் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளிநாட்டு விஞ்ஞானிகள் முடிவு வெளியிட்டனர். முதலில் தாள்களின் இடைவெளி நெருங்குகிறது. சுமார் 2 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் ஒரு தாள் மற்றொன்றின்மேல் பக்கவாட்டில் நகர்ந்து அமர்கிறது. அதோடு, அரைக்கடத்தியாக இருந்த கனிமம் உலோகத்தைப் போல் மின்சாரத்தைக் கடத்துகிறது. 9 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், கடுங்குளிரில், மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது என்று 2018ஆம் ஆண்டு கண்டனர். வழுவழுப்பான ஒரு சாம்பல் நிறக் கல்லுக்குள் இத்தனை குணங்கள் அடங்கியிருக்கின்றன.

பூமியின் நடுவில்

பூமியின் கருவுக்கு நடுவே மற்றோர் உருண்டை உண்டு என்பதை 1936ஆம் ஆண்டு வெளியிட்டவர் டென்மார்க் நாட்டுப் பெண் விஞ்ஞானி இங்கே லேமன். நிலநடுக்க அலைகள் பூமியின் மறுபுறத்தில் வந்து சேரும் விதத்தைப் பொறுமையாக ஆராய்ந்தே அம்முடிவுக்கு வந்தார். வெளிக்கரு உருகிய இரும்பு. உட்கரு திட இரும்பு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அத்திட இரும்பின் கோலம் எத்தகையது என்பதே எஞ்சிய கேள்வி.

நாம் புழங்கும் இரும்பில் ஓர் அணுவுக்கு மிக அருகில் எட்டு அணுக்கள் உள்ளன. சுமார் 1,30,000 வளிமண்டல அழுத்தத்தில் அது மாறி, ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் அமைகின்றன. சந்தையில் எலுமிச்சம்பழத்தைக் குவித்து வைக்கும்போது மேல் வரிசைப் பழங்கள் கீழ் வரிசைக் குழிகளில் போய் உட்காருமே, அதுபோன்ற நெருக்கமான அறுகோண அடுக்கு. ஆனால் பூமியின் நடுவில் அழுத்தத்தோடு கொடிய வெப்பமும் உண்டே! அங்கும் இக்கோலம் நிலைக்குமா?

2010ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு விஞ்ஞானிகள் டடேனோ, ஹிரோசே முதலியோர் ஸ்பிரிங்-8 என்னும் பெரிய சின்க்ரோட்ரானில் இதைச் சோதித்தனர். வைரங்களுக்கு நடுவே இரும்பை வைத்து 37 லட்சம் வளிமண்டல அளவுக்கு அழுத்தினர். வைரத்தின் ஊடாகவே லேசர் கதிரைச் செலுத்தி 5,000 டிகிரிக்கு மேல் சூடேற்றினர். அந்நிலையில் எக்ஸ் கதிர் காட்டிய வளையங்கள் அறுகோண அடுக்குக்கு உரியவையே. ஆயினும் விவாதம் முடிந்துவிடவில்லை. உட்கருவில் இரும்போடு நிக்கலும் இலேசான தனிமங்களும் கலந்திருப்பதால் கோலம் மாறக்கூடும் என்போரும், வேறு அடுக்கு இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்வோரும் உள்ளனர். நிலநடுக்க அலைகள் உட்கருவில் வடக்கு தெற்காகச் செல்லும்போது சற்று விரைவாகச் செல்வது ஏன் என்னும் கேள்விக்கு விடை, இந்த அணுக்கோலத்தோடு தொடர்புடையது.

முடிவுரை

தீர்த்தமலையின் இரும்பும் பூமியின் நடுவிலுள்ள இரும்பும் ஒன்றா என்று கேட்டோம். அணுவால் ஒன்று, அடுக்கால் வேறு என்பதே இன்று நாம் சொல்லக்கூடிய விடை. ஒரு பொருள் எதனால் ஆனது என்று மட்டும் அறிந்தால் போதாது. அதன் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன, எந்நிலையில் அமைந்துள்ளன என்றும் அறிய வேண்டும். போக முடியாத ஆழத்தின் அழுத்தத்தை உள்ளங்கைக் கருவிக்குள் உண்டாக்கி, இறைவனின் படைப்பில் மறைந்து கிடக்கும் ஒழுங்கைப் பொறுமையுள்ளவர்கள் படித்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய சைன் அட்டவணையும் அழுத்தச் சூத்திரமும் நம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. எஞ்சியிருக்கும் கேள்விகளுக்கு விடை காண்போரில் நம் மாவட்டத்துப் பெண்களும் இருக்கட்டும்!